டென்பி மலைச்சரிவில் ஒரு வைத்தியசாலை

வேல்ஸ் நாட்டின் வடபகுதியில் டென்பி என்னும் சிற்றூருக்கு வெளியே பாழடைந்து கிடக்கும் பழைய மனநோய் வைத்தியசாலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆவிக் கதைகளையே சொல்லுகிறார்கள்; அது எதற்காகப் பிறந்தது என்பதைச் சொல்லுவோர் அரிது.

விக்டோரியா மகாராணி பட்டமேறிய காலத்தில், சித்த சுவாதீனம் இழந்த வேல்ஸ் நாட்டு ஏழைகளை இங்கிலாந்திலுள்ள விடுதிகளுக்கு அனுப்பிவிடும் வழக்கம் இருந்தது. வைத்தியருக்கு வெல்ஷ் மொழி தெரியாது. நோயாளிக்கு ஆங்கிலம் தெரியாது. புத்தி கலங்கிய ஒருவன், தன் பயத்தையும் பசியையும் எடுத்துச் சொன்னாலும் புரிந்துகொள்ள ஒருவருமின்றி ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடப்பதைக் கண்டு மனம் பொறாத குளோஸ்டர் விடுதியின் வைத்தியர் சாமுவேல் ஹிட்ச், 1842-இல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதினார். அவர் ஆங்கிலேயர் என்பதை நாம் மறக்கலாகாது. வேல்ஸ் நாட்டிலேயே ஒரு விடுதி அமைக்க, ஜோசப் ஆப்லெட் என்னும் தனவந்தர் டென்பியில் இருபது ஏக்கர் நிலத்தைத் தானமாக அளித்தார். அரச குடும்பத்தினர் உள்ளிட்ட பலருடைய நன்கொடை சேர்ந்தது. 1848-இல், ஏறக்குறைய இருநூறு பேருக்கென, வெல்ஷ் பேசும் நோயாளிகளின் புகலிடமாக டென்பி வைத்தியசாலை திறக்கப்பட்டது.

அந்தப் புனித நோக்கத்தை மூச்சுமுட்டச் செய்தது ஜனநெருக்கடியே. அனுப்பப்பட்டவர்கள் பெருகினார்கள், திரும்பிச் சென்றவர்கள் குறைந்தார்கள், கட்டடத்தோடு கட்டடம் ஒட்டிக்கொண்டே போய், 1950-களில் நோயாளிகளின் தொகை சுமார் ஆயிரத்து ஐந்நூறாயிற்று. அத்தனை பேருடைய துயரத்தையும், எந்த மொழியிலானாலும், உட்கார்ந்து கேட்க யாருக்கு அவகாசம்? மூளையின் நரம்பிழைகளை அறுக்கும் சிகிச்சையும் இங்கே நடந்தது என்பதை எழுதும்போது என் மனம் பதைக்கிறது.

பிறகு புதிய மருந்துகள் வந்தன. இத்தகைய பெருவிடுதிகளை ஒழித்துவிட வேண்டும் என்று 1961-இல் சுகாதார மந்திரி ஈனாக் பவல் அறிவித்தார். டென்பியின் பிரதான கட்டடம் 1995-இல் மூடப்பட்டது. மூடியது நியாயமே என்பது என் கருத்து. ஆனால், மூடிய பின் அதைத் தனியார் கையில் சீரழியவிட்டதும், 2008-இல் நெருப்புக்கு அதன் பெரிய மண்டபம் இரையானதும், 2018-இல்தான் உள்ளூர் நிர்வாகம் கட்டாயக் கிரயமாக அதைக் கைக்கொண்டதும் வெட்கத்துக்குரியவை.

நல்லகாலமாக, அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றிய பதிவேடுகள் அருகிலுள்ள ருத்தின் நகரத்து ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தன. ஆவிக் கதை தேடி இடிபாட்டின் மதிலேறும் இளைஞர்கள் அந்தப் பதிவேடுகளைப் படிக்கப் போகவேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.