முன்னாய்வு என்பது மேற்கோள் மாலையன்று

கல்வியியல் ஆய்வேடுகளின் இரண்டாம் இயலுக்குப் பெரும்பாலும் இடப்படும் பெயர் 'தொடர்புடைய இலக்கியங்களின் மீளாய்வு' என்பது. தமிழ் படித்தவர்க்கு இப்பெயர் சற்றே திகைப்பூட்டும். இங்கே இலக்கியம் என்பது சிலம்பும் அன்று, குறுந்தொகையும் அன்று. ஒரு பொருளைப் பற்றி நமக்கு முன் ஆராய்ந்தோர் எழுதிவைத்த நூல்களும் கட்டுரைகளும் அறிக்கைகளுமே அந்த 'இலக்கியம்'. ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் நேர்ந்த குழப்பம் இது. முன்னாய்வுகள் என்றே நாம் இங்குக் குறிப்போம்.

பெயரைவிடப் பெரிய குழப்பம் அவ்வியலை எழுதும் முறையில் இருக்கிறது. கடமலைக்குண்டிலிருந்தும் வருசநாட்டிலிருந்தும் தேனிக்கும் மதுரைக்கும் பேருந்தேறிப் போய்க் கல்வியியல் பயிலும் மாணவர்கள், பிழை திருத்தத் தமிழாசிரியரிடம் கொண்டுவரும் ஆய்வேடுகளைப் புரட்டினால் இது விளங்கும். இன்னார் இந்த ஆண்டில் இன்ன தலைப்பில் ஆய்ந்தார். இத்தனை மாணவரை எடுத்துக்கொண்டார். இன்ன முடிவு கண்டார். அடுத்த பத்தியில் அடுத்தவர். பத்திகளை இடம் மாற்றி அடுக்கினாலும் இயலின் பொருள் கெடாது. கெடுவதற்கு அதில் பொருள் என ஒன்று இல்லை என்பதே காரணம்.

இதை மாணவரின் சோம்பல் என்று ஒதுக்கிவிட இயலாது. 'இந்திய ஆய்வுகள் இத்தனை, அயல்நாட்டு ஆய்வுகள் இத்தனை' என்று எண்ணிக்கை கேட்கும் வழக்கமே அவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. நாட்டில் நடந்த கல்வி ஆய்வுகளைத் தொகுத்து எம்.பி. புச் பரோடாவிலிருந்து 1974இல் வெளியிட்ட பெருந்தொகுப்பும் அதைத் தொடர்ந்த தொகுதிகளும் செய்த பணி அரியது. எங்கே, யார், எதை ஆய்ந்தார் என்று காட்டும் வாயில்கள் அவை. வாயிலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வீட்டைக் கண்டதாகச் சொல்லும் பழக்கம் நம்முடையது.

முன்னோர் கருத்தை எப்படிக் கையாளுவது என்பது தமிழுக்குப் புதிய பாடம் அன்று. பவணந்தி முனிவர் நன்னூலில் நூலாசிரியர்க்குரிய மதங்கள் ஏழு என வகுத்திருக்கிறார். பிறர் கொள்கைக்கு உடன்படலாம், அதை மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களையலாம், தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்தலாம், இருவர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம், எவரோடும் சேராது தன் கருத்தையே கொள்ளலாம். இந்த ஏழில் 'இன்னார் இன்னது சொன்னார்' என்று சொல்லிவிட்டு நகர்வதற்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சொல்லதிகாரத்துக்கு உரை வகுத்த சேனாவரையர், தமக்கு முற்பட்ட இளம்பூரணரை 'உரையாசிரியர்' என்று மதிப்போடு சுட்டிக்கொண்டே பல இடங்களில் மறுத்துச் செல்கிறார். அவர் செய்ததே முன்னாய்வு.

நம் தேனி மாவட்டத்திலேயே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பார்ப்போம். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இயங்கி வருபவை. அவற்றின் வேர் குற்றப் பழங்குடிகள் சட்டத்தில் இருக்கிறது. 1871இல் வட இந்தியப் பகுதிகளுக்கென இயற்றப்பட்ட அச்சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர் மீது அது ஏவப்பட்டபோது எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. அக்காலத்திலேயே 'சீரமைப்பு' என்ற பெயரில் பள்ளிகளும் எழுந்தன. 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது. பள்ளிகளும் பெயரும் நின்றன.

இப்பள்ளி மாணவரின் கற்றல் அடைவை ஆராயப் புகும் ஒருவர், முன்னுரையாக அச்சமூகத்தின் வரலாற்றை ஒரு பத்தியில் எழுதுவார் என்று கொள்வோம். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் கைக்கு எளிதாகக் கிட்டும். 1906இல் வந்த பிரான்சிஸின் மதுரை மாவட்ட விவரச் சுவடியும் கிட்டும். இரண்டும் ஒத்துச் சொல்கின்றன என்று எழுதத் தோன்றும். ஆனால் இருவரும் பல இடங்களில் சார்ந்து நிற்பது 1868இல் வெளிவந்த நெல்சனின் மதுரை நாட்டு நூலை. மூன்று சாட்சிகள் எனத் தோன்றுவோர் பல செய்திகளில் ஒரே சாட்சிதான். அவரும் ஆட்சி செய்யும் தரப்பின் அலுவலர். வைகை அணையில் நிற்கும் நீர் முழுதும் வருசநாட்டு மலையில் பிறந்ததன்று, முல்லைப் பெரியாற்று நீரும் அதில் உண்டு என்று நம்மூர்ச் சிறுவர்க்கும் தெரியும். நீரின் ஊற்றைக் கேட்கத் தெரிந்த நாம் செய்தியின் ஊற்றைக் கேட்பதில்லை.

இனி மறுபக்கம் பார்ப்போம். 'குற்றப் பழங்குடி' என்ற முத்திரையையே மறுபரிசீலனைக்கு உட்படுத்தி ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1978இல் ஒரு கட்டுரை எழுதினார். லூயி துய்மோன் 1957இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட பெருநூல் பிரமலைக் கள்ளரின் உறவுமுறையையும் வழிபாட்டையும் விரிவாகப் பேசுவது. கல்வியைத் தேடி அதனுள் புகுவோர் அதன் நோக்கம் வேறு என்பதை உணர வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி ஆய்வு செய்த ஆனந்த் பாண்டியன் 2009இல் வெளியிட்ட நூல், திருந்துதல், பண்படுதல் என்ற எண்ணங்களை ஆட்சியாளரின் திணிப்பாக மட்டும் காணவில்லை. வேளாண்மையிலும் தமிழ் மரபிலும் ஊன்றிய சொற்களால் மக்களே அவற்றைப் பேசுவதையும் காட்டுகிறது.

இவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கினால் ஆறு பத்திகள் கிடைக்கும். ஏழு மதங்களின் வழியே வாசித்தால் ஒரு வழக்கு கிடைக்கும். 1868இல் ஓர் அலுவலர் என்ன நம்பினார் என்பதற்கு நெல்சன் சான்று, அதற்கு உடன்படலாம். ஒரு மக்களின் இயல்பு இன்னது என்பதற்கு அவர் சான்றாகார். அங்கே மறுக்க வேண்டும். பள்ளிகள் மக்களைத் திருத்தின என்று அரசு அறிக்கை கூறினால், திருத்தியதாகச் சொல்பவர் பள்ளி நடத்தியவரே என்பதையும் உடன்குறிக்க வேண்டும். இத்தனையும் கடந்த பிறகே ஆய்வாளரின் சொந்தக் கேள்வி தெளியும்: இன்று ஒரு மாணவன் பின்தங்கினால், பெற்றோர் பிழைப்புக்காக இடம்பெயர்வதாலா, ஆசிரியர் பற்றாக்குறையாலா, மற்றொன்றாலா? முன்னாய்வின் பயன் இக்கேள்வியைக் கூர்மையாக்குவதே.

இது மதிப்பெண் பற்றிய செய்தி மட்டும் அன்று. கல்வியியல் ஆய்வேட்டை எழுதுபவரே நாளை வகுப்பறையில் நிற்கிறார். ஊற்றறியாமல் படியெடுத்த ஒரு வரி, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுமியை அவர் பார்க்கும் பார்வையாகிவிடும். பல்வேறு துறைகளின் கீழுள்ள பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையின்கீழ்க் கொணர்வது பற்றி 2023ஆம் ஆண்டு மாநில நிதிநிலை அறிக்கை அறிவித்தபோது, சீரமைப்புப் பள்ளிகளைக் குறித்தும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. அத்தகைய விவாதத்தில் எடுத்துவைக்க நம் ஆய்வேடுகளில் 1868இன் எதிரொலிதான் இருக்கும் என்றால், அவை யாருக்காக எழுதப்பட்டன?

கருவிகள் இன்று பெருகியிருக்கின்றன. சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைக் கடமலைக்குண்டில் இருந்தே படிக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் கேள்வி எழும். ஆனால் அம்மென்பொருள் சொல்லின் ஒப்புமையைத்தான் அளக்கும். படிக்காத நூலைப் படித்ததாகக் காட்டுவதை அளக்காது. ஆகவே சொற்களை மாற்றி வைக்கும் கலை வளர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோ இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர், ஆண்டு, இதழ் மூன்றையும் புனைந்து கொடுத்துவிடுகின்றன. மூலத்தைத் திறந்து பார்க்காதவர்க்கு இவற்றிலிருந்து காப்பில்லை.

நாம் வேண்டுவது பெரிதன்று. ஐம்பது சுருக்கங்களுக்கு ஈடாக, முழுதும் படித்த பதினைந்து ஆய்வுகளை நெறியாளர்கள் ஏற்க வேண்டும். ஒவ்வொன்றையும் பற்றி மூன்று செய்திகளை மாணவர் தம் சொற்களில் எழுதட்டும்: இவருடைய கேள்வி என்ன, எதைக் கண்டு இம்முடிவுக்கு வந்தார், இம்முடிவு எதுவரை செல்லும். பிறகு அவற்றை ஆண்டு வரிசையில் வைக்காமல் கேள்வி வரிசையில் வைக்கட்டும். வாய்மொழித் தேர்வில் அமர்வோர், எத்தனை ஆய்வுகளைத் தொகுத்தீர்கள் என்று கேட்பதை விடுத்து, இவற்றுள் எதை மறுக்கிறீர்கள், ஏன் மறுக்கிறீர்கள் என்று கேட்கத் தொடங்கினால் போதும். இரண்டாம் இயல் தானே திருந்தும்.