பெசன்ட் நகர்: அழகா, அலட்டலா?

சென்னையில நாலு பேர் கூடுற இடத்துல பெசன்ட் நகர்னு பேச்செடுத்துப் பாருங்க. அஞ்சே நிமிஷத்துல ரெண்டு கோஷ்டி ஆயிடும்.

முதல் கோஷ்டிக்கு அது பெசன்ட் நகர் கூட இல்லை, "பெஸ்ஸி". அந்தப் பேரைச் சொல்லும்போதே முகத்துல கடல்காத்து அடிக்கும். மரம், நிழல், காலை நடை, கடலோரம் காபி... கடைசியா "சென்னையில மனுஷன் வாழக்கூடிய ஒரே ஏரியா சார்"னு முடிப்பாங்க. (மிச்ச ஏரியாவுல எல்லாம் யாரு வாழறாங்கன்னு கேட்டா பதில் வராது.)

ரெண்டாவது கோஷ்டிக்கு இதைக் கேட்டாலே பத்திக்கும். "எல்லாம் பந்தா. முன்னூறு ரூபாய்க்கு ஒரு காபி, குடிக்கறதுக்கு முன்னாடி பத்து போட்டோ. எங்க பாட்டி மண்சட்டியில ஊத்திக் கொடுத்த கேப்பங்கூழைக் கண்ணாடிக் கிண்ணத்துல ஊத்தி, மேல ரெண்டு பாதாம் தூவி, இங்கிலீஷ்ல பேர் வெச்சு விக்கிறான்"னு பொங்குவாங்க.

நான் பெரம்பூர்க்காரன். காலேஜ் படிக்கும்போது 29சி பஸ்ல ஒரு முனையில ஏறி இன்னொரு முனையில இறங்கினா பெசன்ட் நகர். அதனால நான் கண்டிப்பா ரெண்டாவது கோஷ்டின்னு நீங்களே முடிவு பண்ணியிருப்பீங்க. கொஞ்சம் பொறுங்க மக்களே. எனக்கு ரெண்டு கோஷ்டி மேலயும் வருத்தம் உண்டு. ரெண்டு பேரும் சண்டை போடறது கடைகளைப் பத்தி. ஆனா அந்த ஏரியாவோட அழகுல கடைக்காரங்க உண்டாக்கினது ரொம்பக் கம்மி. அது யார் உண்டாக்கின அழகுன்னு பார்த்தாதான் எது அலட்டல்னு தெரியும்.

கொஞ்சம் பின்னாடி போவோம். முதல்ல இருந்தது ஊரூர். பேரே ஊரூர்தான். மீனவர் குப்பம். அன்னி பெசன்ட் அம்மையார் பேர்ல ஒரு நகர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அது அங்க இருக்கு. பக்கத்துல ஆல்காட் குப்பம். பிரம்மஞான சபையை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான கர்னல் ஆல்காட் பேர்ல இருக்கு. தாழ்த்தப்பட்ட பிள்ளைங்களுக்காக 1894ல இலவசப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்ச அதே ஆல்காட்.

அப்புறம் வந்தது வீட்டுவசதி வாரியம். 1961ல தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் உருவாச்சு, அதுக்கப்புறம் இங்க மனை பிரிச்சு, ரோடு போட்டு, அடுக்குமாடி கட்டினாங்க. குறைந்த வருவாய், நடுத்தர வருவாய், உயர் வருவாய்னு தினுசு தினுசா வீடு. இது போக மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு. வந்து குடியேறினவங்கள்ல நிறைய பேர் மாசச் சம்பளக்காரங்க. பஸ்ஸோட கடைசி ஸ்டாப், உப்புக்காத்து, இரும்பு ஜன்னல் ரெண்டு வருஷத்துல துருப்பிடிச்சிடும். அன்னிக்கு யாரும் இதை ஃபேஷன் ஏரியான்னு சொல்லியிருக்க மாட்டாங்க. அவங்க நட்ட வேம்பும் தூங்குமூஞ்சி மரமும்தான் இன்னிக்கு போட்டோவுக்குப் பின்னணி.

கோயில் வந்துச்சு. 1976ல அஷ்டலட்சுமி கோயிலுக்கு குடமுழுக்கு. வேளாங்கண்ணி மாதா கோயில் வந்துச்சு. ஆகஸ்ட் 29ஆம் தேதி கொடியேத்தினா செப்டம்பர் 8 வரைக்கும் திருவிழா. அந்த நாள்ல போய்ப் பாருங்க, காவி உடுத்திக்கிட்டு வடசென்னையில இருந்தெல்லாம் ஜனங்க நடந்தே வருவாங்க. அவங்க யாரும் "பெஸ்ஸி"க்கு வரலை. மாதா கோயிலுக்கு வர்றாங்க.

கடற்கரை மணல்ல நிக்கிற அந்த வெள்ளை மண்டபம் தெரியும்ல? காதல் காட்சி எடுக்கறவங்களுக்கும், காதலிக்கறவங்களுக்கும் நல்லாவே தெரியும் :-) அது ஷ்மிட் நினைவுச் சின்னம். 1930ல கடல்ல தத்தளிச்சவங்களைக் காப்பாத்தப் போய் உயிரை விட்ட டென்மார்க் மாலுமியோட நினைவா கட்டினது. சம்பந்தமில்லாத ஊர்ல அடுத்தவங்களுக்காகக் கடல்ல இறங்கினவரு.

இப்போ கூட்டிப் பாருங்க. மீனவர் குப்பம், வாரியக் குடியிருப்பு, மரம், கோயில், சர்ச், மணல், பஸ் ஸ்டாண்ட். இதுல எதுவுமே கடை இல்லை. பாதிக்கு மேல பொதுச்சொத்து. முன்னூறு ரூபா காபி வந்தது இதுக்கெல்லாம் அப்புறம். அழகு ஏற்கனவே இருந்ததாலதான் அந்தக் கடை அங்க வாடகை கொடுத்து உக்காந்திருக்கு. இல்லாட்டி அதே காபியை எங்க ஏரியா பக்கம் வந்து வித்திருக்கலாமே? வரலையே!

அதனால முதல் கோஷ்டிக்கு நான் சொல்றது: நீங்க ரசிக்கிற அழகுக்கு அந்தக் கடைக்கு நன்றி சொல்லாதீங்க. வீட்டுவசதி வாரியத்துக்குச் சொல்லுங்க. (இந்த வாக்கியத்தை வாழ்க்கையில டைப் பண்ணுவேன்னு நினைக்கலை.)

சரி, ரெண்டாவது கோஷ்டிக்கு வருவோம். இவங்கதான் என் சொந்தக்காரங்க, அதனால கொஞ்சம் உரிமையோட சொல்றேன்.

விலை ஜாஸ்தி, பேர் புரியலைங்கறதுக்காக மட்டும் ஒண்ணு அலட்டல் ஆயிடாது. நம்ம ஃபில்டர் காபியையே எடுத்துக்கோங்க. ஆ.இரா.வேங்கடாசலபதியோட 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படிச்சவங்களுக்குத் தெரியும். இன்னிக்கு நாம பாரம்பரியம்னு கொண்டாடுற காபி, நூறு வருஷத்துக்கு முன்னாடி புதுப் பழக்கம். நாகரிக மோகம், குடும்பம் கெட்டுப்போகுதுன்னு அன்னிக்கும் புலம்பினவங்க உண்டு. இன்னிக்கு கோல்ட் ப்ரூவைத் திட்டறவங்க பேரன் நாளைக்கு அதைத் "தாத்தா காலத்துக் காபி"ன்னு கண்ணு கலங்கிக் குடிப்பான்.

அடுத்தது டீக்கடை. பந்தா இல்லாத நம்ம டீக்கடை பெஞ்சு மாதிரி வருமான்னு உருகுவோம். நானும் உருகுவேன். ஆனா ஒரு கேள்வி. அந்த பெஞ்சுல எத்தனை பொண்ணுங்க உக்காந்து டீ குடிச்சு, பேப்பர் படிச்சு, ஒரு மணி நேரம் அரட்டை அடிச்சுப் பார்த்திருக்கீங்க? என் தங்கச்சி வேலை முடிஞ்சு சிநேகிதியோட ரெண்டு மணி நேரம் பேசணும்னா எங்க போவா? எங்க தெருமுனை டீக்கடைக்கா? அவளுக்கு அந்த காபிக் கடை தேவையா இருக்கு. யாரும் முறைக்க மாட்டாங்க, "வீடு எங்கம்மா"ன்னு விசாரிக்க மாட்டாங்க. "அண்ணா, காபி சுமார்தான். நாற்காலிக்குதான் காசு"ன்னா ஒரு நாள். எனக்கு ரொம்ப நாளா புரியாத ஒரு விஷயத்தை ஒரே வரியில முடிச்சிட்டா.

அவ சொன்னது சரி. அந்த முன்னூறு ரூபாய்ல பெரும்பகுதி நாற்காலி வாடகை. அப்போ நாம கோபப்பட வேண்டியது காபி விலை மேல இல்லையே? காசில்லாம உக்கார நகரத்துல இடமில்லாமப் போனது மேலதானே?

யார் எங்க உக்காரலாம்ங்கறது நம்ம ஊர்ல சின்ன விஷயமே கிடையாது. அந்தக் காலத்து காபி கிளப்புல சாதி பார்த்துத் தனித்தனி இடம். ஓட்டல் பலகையில இருந்த "பிராமணாள்"ங்கற சொல்லை எடுக்கணும்னு 1957ல திருவல்லிக்கேணியில ஒரு ஓட்டல் முன்னாடி பெரியாரோட இயக்கம் மாசக்கணக்குல மறியல் பண்ணுச்சு. இன்னிக்கு அப்படிப் பலகை கிடையாது. ஆனா கண்ணாடிக் கதவு, ஏசி, இங்கிலீஷ் மெனு, வாசல்ல நிக்கிற செக்யூரிட்டியோட பார்வை... யார் உள்ள வரணும், யார் வெளிய நிக்கணும்னு சத்தமில்லாம சொல்லிடுது. நான் அலட்டல்னு சொல்றது இதைத்தான்.

பெசன்ட் நகரை இந்தக் கணக்குல வெச்சுப் பார்த்தா என் தீர்ப்பு உங்களுக்கு ஆச்சரியமா இருக்கலாம். அது பாஸ் பண்ணிடுது! காரணம் கடற்கரை. கண்ணாடிக் கதவுக்கு எதிர்லயே, ரோட்டைத் தாண்டினா ஒரு பைசா கேக்காத மணல். அங்க மாங்கா பத்தை, சுண்டல், பஜ்ஜி, வறுத்த மீன். ராத்திரி குடும்பம் குடும்பமா துண்டு விரிச்சு உக்காந்திருப்பாங்க. 2021ல சாதாரண பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாதுன்னு ஆனப்போ, கடற்கரைக்குப் போற செலவு எங்க பக்கத்து வீடுகள்ல பாதியா குறைஞ்சது. 2014ல ஞாயித்துக்கிழமை காலையில அங்க ரோட்டை வண்டிங்களுக்கு அடைச்சுட்டு, நடக்கவும் விளையாடவும் விட்டாங்க. அதே மாதிரி 2019ல பாண்டி பஜார்ல நடைபாதையை அகலமாக்கி பெஞ்சு போட்டதும், ஒண்ணும் வாங்காத ஜனம்தான் முதல்ல போய் உக்காந்துச்சு. நாற்காலியைப் பொதுவாக்கினா பந்தா தானா குறைஞ்சிடும் சாமி.

ஆனா இந்த பாஸ் மார்க் நிரந்தரம்னு நம்பிடாதீங்க. எனக்கு பயமே இங்கதான்.

ஒரு ஏரியா ஃபேஷன் ஆச்சுன்னா முதல்ல வாடகை ஏறும். அப்புறம் "ரோட்டோரக் கடையெல்லாம் அசிங்கமா இருக்கு"ன்னு ஒரு மனு போகும். அப்புறம் "மீன் நாத்தம்"னு இன்னொரு மனு. அடையாறு முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் நொச்சிக்குப்பத்துல நடந்ததை ஞாபகம் வெச்சிருக்கீங்களா? 2023 ஏப்ரல்ல மெரினா லூப் ரோட்டுல மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல்னு உயர் நீதிமன்றம் தானாவே முன்வந்து வழக்கு எடுத்துச்சு. கடைகளை அகற்ற மாநகராட்சி இறங்குச்சு. மீனவர்கள் ரோட்டுலயே உக்காந்துட்டாங்க. படகு நிறுத்தி, வலை உலர்த்தின எங்க இடத்துல ரோட்டைப் போட்டுட்டு எங்களையே இடைஞ்சல்ங்கறீங்களேன்னு அவங்க கேட்டது நியாயமான கேள்வி. 2024 ஆகஸ்ட்ல அங்க புதுசா மீன் அங்காடி திறந்தாங்க, சரி. ஆனா ஊரூர்லயும் ஆல்காட் குப்பத்துலயும் இருக்கிறவங்க அந்தச் செய்தியை எப்படிப் படிச்சிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்க 2014லயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கு. சட்டம் பேப்பர்ல இருக்கு, மனு போடறவங்க அபார்ட்மெண்ட்ல இருக்காங்க.

இதே பெசன்ட் நகர்ல இன்னொரு வழியும் பார்த்தோம். 2015ல ஊரூர் ஆல்காட் குப்பம் விழா ஆரம்பிச்சாங்க. டி.எம்.கிருஷ்ணா, நித்யானந்த் ஜெயராமன் மாதிரி ஆட்கள் குப்பத்து மக்களோட சேர்ந்து, குப்பத்துலயே மேடை போட்டு கச்சேரி, பரதநாட்டியம், கூடவே பறையாட்டம். "மேட்டுக்குடி ஆளுங்க குப்பத்துல போய் படம் காட்டறாங்க"ன்னு அன்னிக்கே விமர்சனம் வந்துச்சு. இருக்கட்டும். பல வருஷமா அந்த ஏரியாவுல காபி குடிச்சவங்கள்ல சில பேராவது முதல் தடவையா அந்தச் சந்துக்குள்ள நடந்தாங்களா இல்லையா? ஒரு ராத்திரிக்காவது யாரு வீட்டு முற்றத்துல யாரு விருந்தாளிங்கறது சரியான பக்கம் திரும்புச்சு.

ஆக, ஒரு ஏரியா அழகா அலட்டலான்னு யாராச்சும் கேட்டா இனிமே நான் மெனு கார்டைப் பார்க்கப் போறதில்லை. மூணு கேள்வி வெச்சிருக்கேன்.

1. பத்து பைசா செலவில்லாம அங்க ஒரு மணி நேரம் உக்கார முடியுமா? (பொண்ணுங்களுக்கும் சேர்த்துதான் கேக்கறேன்.)

2. அந்தக் கடையில தட்டு கழுவறவரு அதே ஏரியாவுல குடியிருக்க முடியுமா? முடியலைன்னா, ராத்திரி வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போக பஸ்ஸாவது இருக்கா?

3. அங்க குடியிருக்கிறவங்களுக்குப் பக்கத்துக் குப்பத்தோட பேர் தெரியுமா?

பெசன்ட் நகருக்கு நான் போடற மார்க்: முதல் கேள்விக்கு முழு மார்க். ரெண்டாவதுல பாதி, அதுவும் வாரியக் குடியிருப்பும் குப்பமும் இன்னும் அங்க இருக்கிற புண்ணியத்துல. மூணாவதை நீங்களே அடுத்த தடவை போகும்போது கேட்டுப் பார்த்துச் சொல்லுங்க.

உங்க ஏரியா, உங்க ஊர் எப்படி? கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ், பாண்டிச்சேரி கடற்கரைத் தெருக்காரங்க எல்லாம் கொஞ்சம் வாயைத் திறங்கப்பா. மார்க்கோட வாங்க, பின்னூட்டத்துல கும்மிடலாம்.

டிஸ்கி: பெரம்பூருக்கு மார்க் எவ்வளவுன்னு யாரும் கேக்காதீங்க. மூணாவது கேள்வியில நாங்க நூத்துக்கு நூறு. முதல் கேள்விக்கு, டீக்கடை பெஞ்சு விஷயத்தை முதல்ல சரி பண்ணிட்டு வர்றோம்.