முந்தி வந்தவர் தோற்கும் பந்தயம்

சித்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்படும் பேருந்து இராணிப்பேட்டையைக் கடந்து, காஞ்சிபுரத்தின் வெளிப்புறமாகச் சென்று, திருப்பெரும்புதூரைத் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டையை அடைகிறது. விடுமுறைக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்குச் செல்லும் உங்களுள் பலர் அவ்வூரைச் சன்னல் வழியாகப் பார்த்திருக்கக்கூடும். நெடுஞ்சாலையை ஒட்டிய ஹூண்டாய் மகிழுந்து ஆலை கண்ணில் படும். அவ்வூரிலேயே ஒரு பந்தயத் தடமும் உண்டு என்பதைப் பயணிகள் பலர் அறியார். 1953ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990 முதல் அத்தடத்தில் பந்தயங்களை நடத்தி வருகிறது. இருசக்கர வண்டிகளுக்கான தேசிய டிராக் பந்தயமும் அங்கு நடைபெறுகிறது. பெங்களூருவைச் சேர்ந்த ஏமந்த் முத்தப்பா அப்பந்தயத்தில் பலமுறை வாகை சூடியவர்.

டிராக் பந்தயம் என்பது யாது? வளைவு இல்லை, சுற்று இல்லை. நேரான தடத்தில் இரு வண்டிகள் அருகருகே நிற்கும். விளக்கு பச்சையானதும் இரண்டும் சீறிப் புறப்படும். கால் மைல், அதாவது 402 மீட்டர் தொலைவில் எல்லைக்கோடு. சில வினாடிகளில் அனைத்தும் முடிந்துவிடும். இதனை அயல்நாட்டு விளையாட்டு என்று தள்ளிவிடுவதற்கில்லை. நமக்கு அண்டையிலுள்ள வேலூர், திருப்பத்தூர், கிருட்டிணகிரி மாவட்டங்களில் தை பிறந்ததும் எருது விடும் விழா நடைபெறுகிறது. இருபுறமும் தடுப்பு அமைத்த தெருவில் காளை அளந்த தொலைவை ஓடிக் கடக்கும். மிகக் குறைந்த நேரத்தில் கடந்த காளைக்கே முதற்பரிசு. நேர்கோட்டு ஓட்டமும் வினாடிக் கணக்கும் எம் ஊர்களுக்குப் புதியன அல்ல.

இத்தகைய பந்தயம் ஒன்று நம் பகுதிக்கு வர வேண்டும் என்பதும், அது தொலைக்காட்சியில் காட்டப்பெற வேண்டும் என்பதும் என் கருத்து. பெரியோர் சிலர் இதனைக் கேட்டவுடன் முகம் சுளிப்பர். இளைஞரின் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டு உறக்கமின்றிக் காத்திருக்கும் பெற்றோரின் அச்சம் அது. அதனை எள்ளி நகையாட நான் விரும்பவில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நால்வர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். அவ்வண்டிகள் அனைத்தும் பந்தயத்தில் ஓடியவை அல்ல என்பது உண்மையே. ஆயினும், நள்ளிரவில் புறவழிச்சாலையில் இரு வண்டிகள் போட்டியிட்டு உறுமும் ஓசையைக் கேட்டவர் எவரும் அந்த எண்ணை எளிதில் மறக்க இயலாது.

சட்டம் கூறுவதைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 189ஆம் பிரிவில், மாநில அரசின் எழுத்துவழி இசைவு இன்றிப் பொது இடத்தில் பந்தயம் ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. முதன்முறை பிடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டுமே என்பது 2019இல் செய்யப்பட்ட திருத்தம். பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறை செல்ல நேரும். இவ்வளவு கடுமையான சட்டமும் பந்தயத்தையே விலக்கவில்லை. இசைவு பெறாத பந்தயத்தைத்தான் விலக்குகிறது. இந்த வேறுபாட்டைப் பெரியோரும் மறந்துவிடுகின்றனர், இளைஞரும் மறந்துவிடுகின்றனர்.

இசைவு எதற்கு? நிற்பதற்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கே. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. எதிரே ஆடு குறுக்கிடுவதைக் கண்டு, கை தடையை அழுத்துவதற்குள் அந்த ஒரு வினாடி கழிந்துவிடும். பிறகு வண்டி நிற்க, நல்ல சாலையிலேயே மேலும் ஐம்பது மீட்டருக்கு மேல் வேண்டும். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தொலைவு ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே, முறையான டிராக் தடத்தில் எல்லைக்கோட்டுக்கு அப்பாலும் நீண்ட வெற்றுத் தளம் விடப்படுகிறது. ஓடுவதற்கு வேண்டிய இடத்தைப் புறவழிச்சாலை தரும். நிற்பதற்கு வேண்டிய இடத்தை அது தருவதில்லை.

இதனை முதலில் உணர்ந்தவர்கள் அமெரிக்க நாட்டினர். கலிபோர்னியாவில் தெருக்களில் பந்தயம் ஓட்டிய இளைஞரை 1950ஆம் ஆண்டு சாண்டா அனா விமான ஓடுதளம் வரவேற்றது. மறு ஆண்டில் வாலி பார்க்ஸ் என்பவர் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன் என்னும் அமைப்பை நிறுவினார். 1954இல் அவ்வமைப்பு நால்வர் கொண்ட குழு ஒன்றை, நேரங்காட்டும் கருவிகளோடு ஊர் ஊராக அனுப்பியது. பந்தயத்தைப் பாதுகாப்பாக நடத்தும் முறையை உள்ளூர் இளைஞருக்குக் கற்பிப்பதே அக்குழுவின் பணி. அதற்குத் தலைமை தாங்கியவர் காவல்துறையில் பணியாற்றியவர் என்பதை நான் மிகவும் விரும்பிப் படித்தேன். துரத்திப் பிடிக்க வேண்டியவரே தடம் அமைக்கக் கற்றுக்கொடுத்தார்! நம் நாட்டிலும் கதை வேறன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளத்தில்தான் பல்லாண்டுகள் மோட்டார் பந்தயம் நடைபெற்றது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் அதன் தொடர்ச்சியே ஆகும்.

இனி, இக்கட்டுரையின் தலைப்புக்கு வருவோம். பெருஞ்செல்வர் மட்டுமே விரைவான வண்டியை வாங்க இயலும் என்றால், பால் ஊற்றுபவரின் பழைய வண்டிக்கு அத்தடத்தில் என்ன வேலை? இவ்வினாவுக்கு டிராக் பந்தயத்திலேயே விடை இருக்கிறது. எளியோர் பங்கேற்கும் பந்தயங்களில் ஒரு முறை கையாளப்படுகிறது. ஒவ்வொருவரும் தம் வண்டி 402 மீட்டரைக் கடக்க எத்தனை வினாடி ஆகும் என்பதை முன்னரே அறிவிக்க வேண்டும். பால்காரர் 21 வினாடி என்கிறார். பெரிய வண்டி வைத்திருக்கும் இளைஞர் 16 வினாடி என்கிறார். பால்காரருக்கு ஐந்து வினாடிகள் முன்னதாகவே பச்சை விளக்கு எரியும். இருவரும் ஒரே விழிப்போடு புறப்பட்டு, தாம் சொன்னபடியே ஓடினால், இருவரும் ஒரே கணத்தில் எல்லைக்கோட்டைத் தொடுவர். யார் விளக்கைக் கூர்ந்து நோக்கிப் பிழையின்றிப் புறப்பட்டாரோ அவரே வெல்வார். பச்சைக்கு முன் நகர்ந்தவருக்குச் சிவப்பு எரியும், அவர் தோற்றார்.

அங்ஙனமாயின், வேண்டுமென்றே மிகுதியான நேரத்தைச் சொல்லி முன்னதாகப் புறப்பட்டுவிடலாமே என்று உங்களுள் ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். விதியை வகுத்தோர் அதனையும் எண்ணிப் பார்த்திருக்கின்றனர். அறிவித்த நேரத்தைவிட விரைவாக ஓடியவர் தோற்றவராவார். 16 என்று சொன்னவர் 15.8 வினாடியில் எல்லையைத் தொட்டால், முன்னே வந்தும் தோல்விதான். இருவருமே அவ்வாறு மிஞ்சிவிட்டால், குறைவாக மிஞ்சியவர் வெல்வார். சரி, வீம்புக்காக 15 என்று சொல்லிவிட்டால்? பால்காரர் ஆறு வினாடி முன்னதாகப் புறப்பட்டுவிடுவார். வண்டி வழக்கம்போல் 16 வினாடியே எடுத்துக்கொள்ளும். எட்டிப் பிடிக்க முடியாது. குறைத்துச் சொன்னாலும் தோல்வி, கூட்டிச் சொன்னாலும் தோல்வி. தம் வண்டியின் அளவை உள்ளபடி அறிந்து, அறிந்ததை உள்ளபடி சொல்பவருக்கே இவ்விளையாட்டு வெற்றியைத் தருகிறது. வேகத்தையே பொருளாகக் கொண்ட ஒரு விளையாட்டில் இப்படி ஒரு விதியா என்று வியப்புத் தோன்றும்.

திருப்பதியில் வாழும் மாணவர்களுக்கு இவ்வியப்பு தோன்ற வேண்டியதில்லை. திருமலை மலைப்பாதையில் வண்டிகளுக்கு நேரம் குறிக்கப்படும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். ஏறுவதற்கு 28 நிமிடம், இறங்குவதற்கு 40 நிமிடம் என வகுத்த கால அளவுக்கு முன்னரே மறுமுனையை அடையும் வண்டி தண்டனைக்கு உள்ளாகும். கொண்டை ஊசி வளைவுகளில் முந்திச் சென்று இடையில் தேநீர் அருந்திக் கணக்கைச் சரிசெய்வோரும் உண்டு என்பது வேறு செய்தி.

என் கருத்துக்கு மறுப்புகள் உள்ளன. அவற்றுள் வலிமையானது ஒன்று: தொலைக்காட்சியில் பந்தயம் பார்த்த அன்று மாலையே இளைஞர் அதனைத் தெருவில் செய்து பார்ப்பர். இது பொய்யன்று. மற்றொன்று சூதாட்டம். தமிழில் பந்தயம் என்னும் சொல் ஓட்டப் போட்டியையும் குறிக்கும். பணயம் வைப்பதையும் குறிக்கும். உங்கள் தெலுங்கு நண்பர்கள் சொல்லும் பந்தெம் என்பதும் அத்தகையதே. சங்கராந்திக் காலத்துச் சேவற்பந்தயத்தில் பணம் கைமாறுவதை ஆந்திரம் முழுவதும் அறியும். தடத்தில் காவலும் நுழைவுச்சீட்டும் கண்காணிப்பும் இருக்கும். நள்ளிரவுச் சாலையில் அவற்றுள் எதுவும் இராது. மாந்தோப்பை அழித்துத் தடம் அமைப்பதை நானும் ஏற்க மாட்டேன். சித்தூர் மாவட்டத்தின் பெருமை மாம்பழத்தில் இருக்கிறது. தார் இட்ட பழைய தளம் கிடைக்குமாயின் தேடலாம். கிடைக்காவிடில் இருங்காட்டுக்கோட்டைக்குப் பேருந்து இருக்கிறது.

முதல் மறுப்புக்கு விடை தொலைக்காட்சியிடம்தான் உள்ளது. 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளில் இரவுப் பந்தயம் நடைபெற்றது. சாலையில்தானே ஓட்டினார்கள், நாங்கள் ஓட்டினால் மட்டும் குற்றமா என்று கேட்ட இளைஞர் உண்டு. பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பின் சான்று கிடைக்கத் தாமதமானதால் அங்கு முதல்நாள் ஓட்டங்களே தள்ளிப்போயின என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. சான்று வரும்வரை அத்தனை விலையுயர்ந்த வண்டிகளும் காத்து நின்றன. 2025 சனவரியில் துபாயில் பயிற்சியின்போது நடிகர் அஜித்குமாரின் மகிழுந்து தடுப்பில் மோதிச் சுழன்ற காட்சியை நீங்கள் கைப்பேசியில் பலமுறை பார்த்திருப்பீர்கள். அவர் காயமின்றி வெளியே வந்தார். அவருடைய அணி அப்பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடமும் பெற்றது. மோதிய நொடியை அனைவரும் பகிர்ந்தனர். இருக்கையைச் சுற்றிய எஃகுக் கூடு, தோளை இறுக்கிய பட்டைகள், தடத்தோரத் தடுப்பு ஆகியவற்றைப் பகிர்ந்தவர் எத்தனை பேர்?

ஆதலால், இங்குப் படப்பிடிப்புக் கருவிகளோடு வருவோரிடம் நான் கேட்பது இதுதான். காலையில் ஆய்வாளர் ஒருவர் வண்டியின் தடையை அழுத்திப் பார்த்து, தேய்ந்த சக்கரத்தைச் சுட்டிக்காட்டி, ஓர் இளைஞரைத் திருப்பி அனுப்புவார். அதனை முழுமையாகக் காட்டுங்கள். பால்காரரின் தலைக்கவசத்தை அணுக்கத்தில் காட்டுங்கள். எல்லைக்கோட்டுக்கு அப்பாலுள்ள நீண்ட வெற்றுத் தளத்தையும், அதில் வண்டி மெல்ல மெல்ல நிற்பதையும் வெட்டிவிடாதீர்கள். பெரிய வண்டிக்காரர் முதலில் எல்லையைத் தொட்டு, இரு கைகளையும் உயர்த்தி, பலகையில் 15.8 என்னும் எண்ணைக் கண்டு கைகளைத் தாழ்த்தும் அந்தக் கணத்தில், அவர் ஏன் தோற்றார் என்பதைத் தமிழிலும் தெலுங்கிலும் நிறுத்தி நிதானமாக விளக்குங்கள்.