நின்ற இடம் தெரிகிறது, நின்ற காரணம்?

பழைய பத்திரிகை நண்பர் ஒருவரின் வற்புறுத்தலினால், கொழும்பு விடுதியொன்றில் அண்மையில் நடைபெற்ற கருத்தரங்கொன்றுக்குப் போயிருந்தேன். களஞ்சியசாலைகளை நவீனமயப்படுத்துவது பற்றிய கருத்தரங்கு. நாம் கிட்டங்கி என்று சொல்லிப் பழகிய அதே இடம்தான். பெரிய திரையில் ஒரு கிட்டங்கியின் வரைபடம் விரிந்தது. மஞ்சள் புள்ளிகள் சரக்கு அடுக்கிய தட்டுகள். நீலப் புள்ளிகள் அவற்றைத் தூக்கிச் செல்லும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள். பச்சைப் புள்ளிகள் மனிதர்கள். பச்சைப் புள்ளியொன்று ஓரிடத்தில் அசையாமல் நின்றது. சற்று நேரத்தில் அது சிவப்பாக மாறியது. "இவர் ஐந்து நிமிடமாக வேலை செய்யவில்லை" என்றார் விளக்கமளித்த இளைஞர். சபையில் சிரிப்பு எழுந்தது.

அந்த ஒரு வசனத்துடன்தான் எனக்குச் சண்டை. திரை சொன்னது அவர் ஐந்து நிமிடமாக ஓரிடத்தில் நின்றார் என்பதை மாத்திரமே. வேலை செய்யவில்லை என்பது திரை சொன்னதல்ல. அதைப் பார்த்தவர் சொன்னது.

இத்தொழில்நுட்பத்துக்கு நான் பகைவனல்லன். 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வோல்மார்ட் நிறுவனம், தனக்குப் பொருள் வழங்கும் முதல் நூறு நிறுவனங்களும் 2005 ஜனவரிக்குள் தமது பெட்டிகளிலும் தட்டுகளிலும் வானொலி அலையால் வாசிக்கக்கூடிய 'டேக்' ஒட்ட வேண்டும் என்று கோரியபோது, அச்செய்தியைத் தமிழாக்கிய மேசையில் நானும் இருந்தேன். 'டேக்' என்பதற்கு என்ன எழுதுவது என்று அரை மணித்தியாலம் வாதிட்டோம். மூத்தவர் ஒருவர், "மாட்டுக் காதில் மாட்டுவதுதானே, வில்லை என்று போடும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். அன்று பெட்டிக்கு ஒட்டிய வில்லையைப் பற்றி எழுதினோம். மனிதருக்கு மாட்டுவது பற்றி எங்களில் எவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்தப் பழைய வில்லை, வாசிப்புக் கருவியைக் கடக்கும்போது மட்டுமே தன்னை அறிவிக்கும். பெட்டி வாசலைக் கடந்தது தெரியும். பிறகு உள்ளே எங்கே போனது என்பது தெரியாது. செய்மதிகளை நம்பியிருக்கும் ஜி.பி.எஸ்.ஸும் உருக்குக் கூரையின் கீழ் நம்பத்தக்கதாக இயங்காது. ஆகவே இப்போது கூரையிலும் தூண்களிலும் நிலையான கருவிகளைப் பொருத்துகிறார்கள். மின்கலம் கொண்ட வில்லை மிகக் குறுகிய அலைத்துடிப்புகளை அனுப்புகிறது. அவை கருவிகளை வந்தடையும் நேரத்தைக் கணக்கிட்டு வில்லை இருக்கும் இடத்தைச் சில பத்து சென்ரிமீற்றருக்குள் சொல்லிவிடலாம். மலிவான புளூடூத் முறையில் சில மீற்றர் பிழை வரும்.

பயன்களும் உண்மையானவை. காணாமற்போன தட்டைத் தேடி ஆள் அலைய வேண்டியதில்லை. வெறும் வண்டி ஓடும் தூரம் குறைகிறது. வண்டியொன்று திருப்பத்தில் வரும்போது அப்பால் ஆள் நிற்பதை எச்சரிக்க முடிகிறது; ஃபோர்க்லிஃப்டில் நசுங்கியவரைப் பார்த்த எவரும் இதை அற்பமென்று சொல்லார். குளிரூட்டிய மருந்துப் பெட்டி எத்தனை நேரம் வெளியே கிடந்தது என்பதையும் அறியலாம். இவை எல்லாவற்றையும் அந்த இளைஞர் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். மீதி நேரம் முழுவதும் பச்சைப் புள்ளிகளைப் பற்றியே பேசினார்.

எனது தமையனின் மகன் லண்டனுக்கு வெளியே ஒரு கிட்டங்கியில் வேலை செய்கிறான். கையில் ஸ்கானர், இடுப்பில் வில்லை. சென்ற ஆண்டு அவனுக்கு எழுத்துமூல எச்சரிக்கை வந்தது: ஒரே இரவில் மூன்று தடவை, ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிடம், அசையாமல் நின்றிருக்கிறான். நடந்தது என்னவென்றால், கணினி குறித்த இடத்தில் சரக்கு இல்லை. உயரத் தட்டில் இருந்ததை இறக்க வண்டி வரும்வரை காத்து நின்றான். "சித்தப்பா, சாமான் எங்க கிடக்கெண்டு அவையளுக்குத் தெரியாது, நான் எங்க நிக்கிறனெண்டு மட்டும் வடிவாத் தெரியும்" என்றான் தொலைபேசியில். அங்கே விலையுயர்ந்த வில்லைகள் மனிதர்களுக்கு மட்டும்தான். சரக்குத் தட்டுகளுக்குப் பழைய கடதாசிப் பட்டைக்குறிகளே. களஞ்சியத்தைச் சீர்திருத்துவதாகச் சொல்லிக்கொண்டு இப்படிச் செய்வதற்கு முகாமைத்துவ நூல்களில் என்ன பெயரோ!

இது ஒரு கிட்டங்கியின் கதையல்ல. பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையான சி.என்.ஐ.எல்., 2023 டிசெம்பரில் அமேசனின் பிரெஞ்சுக் களஞ்சிய நிறுவனத்துக்கு 3 கோடியே 20 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. அங்கே தொழிலாளியின் கையிலிருந்த ஸ்கானர் மூன்று வகையில் அவரை அளந்தது. ஒரு பொருளை வாசித்து 1.25 செக்கனுக்குள் அடுத்ததை வாசித்தால் அது ஒரு குறை. பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஸ்கானர் சும்மா இருந்தால் இன்னொன்று. ஒன்றிலிருந்து பத்து நிமிடம் வரையான சிறு இடைவெளிகளுக்கு மூன்றாவது கணக்கு. வேகமாகச் செய்தாலும் பிழை, நின்றாலும் பிழை! இவ்விபரங்களை 31 நாட்கள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சிறு இடைவெளிக்கும் தொழிலாளி காரணம் சொல்ல வேண்டிய நிலை உருவாகக்கூடும் என்பது அதிகாரசபையின் முக்கியமான கண்டனம். தரத்துக்கும் பாதுகாப்புக்கும் இவை அவசியம் என்று நிறுவனம் வாதிட்டது. முடிவை ஏற்காமல் நீதிமன்றமும் சென்றது. தொகை கூடுதலா குறைவா என்பது வழக்கறிஞர் விவகாரம். என் கவனம் அந்த 1.25 செக்கனில்தான் நிற்கிறது.

இது புதிய சண்டையும் அல்ல. 1911 ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வாட்டர்டவுன் ஆயுதசாலையில், பிரெடெரிக் டெய்லரின் முறைப்படி நிறுத்தற் கடிகாரத்துடன் ஒருவர் வந்து நின்றபோது வார்ப்புத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். விடயம் காங்கிரஸ் வரை போயிற்று. கடிகாரம் பிடித்து அளப்பவருக்கு இந்த நிதியிலிருந்து சம்பளம் கொடுக்கக் கூடாது என்று 1915இல் இராணுவ நிதி ஒதுக்கீட்டிலேயே நிபந்தனை சேர்க்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது நீடித்தது. அந்தக் கடிகாரக்காரராவது கண்ணெதிரே நின்றார்.

நம் நாட்டுக்கும் இதில் பழைய அனுபவம் உண்டு. கங்காணி என்ற சொல்லே கண்காணி என்பதிலிருந்து வந்ததுதான். மலையகத்தில் செய்தியாளனாக அலைந்த காலத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். அநியாயம்தான். ஆனால் அந்தப் பெண் தராசின் முன்னால் நின்றாள், முள்ளைப் பார்த்தாள், கணக்கப்பிள்ளையுடன் வாய்விட்டுச் சண்டை பிடித்தாள். லண்டனிலிருக்கும் பையனுக்குச் சண்டை பிடிக்கத் தராசே இல்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகும் அந்த இரவின் முழுப் பதிவையும் அவனுக்குக் காட்டவில்லை. மூன்று தடவை என்ற எண்ணிக்கையை மட்டுமே காட்டினார்கள்.

"ஒழுங்காக வேலை செய்பவன் ஏன் பயப்பட வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் மொத்த வியாபாரம் செய்யும் நம்மவர் சிலரும் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். நானும் திருப்பிக் கேட்கிறேன்: ஒழுங்காக நடக்கும் முதலாளி, அந்தப் பதிவைத் தொழிலாளிக்குக் காட்ட ஏன் பயப்பட வேண்டும்? கலிபோர்னியாவில் 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, பெரிய களஞ்சியங்களில் எவ்வளவு வேலை எதிர்பார்க்கப்படுகிறது என்பதைத் தொழிலாளிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். உணவு இடைவேளையையோ மலசலகூடத்துக்குப் போய்வரும் நேரத்தையோ விழுங்கும் இலக்கு செல்லாது. அப்படிப்பட்ட இலக்கு தன்மீது சுமத்தப்பட்டதாகக் கருதுபவர், தனது கடைசி 90 நாட்களின் வேகப் பதிவைக் கேட்டு வாங்கலாம். அங்கு எந்தக் களஞ்சியமும் இதனால் மூடப்பட்டதாகக் கேள்வியில்லை.

ஆகவே இக்கருவிகளை இங்கே வாங்கப் போகிறவர்களுக்கும், கையெழுத்திடப் போகும் தொழிற்சங்கங்களுக்கும் சொல்கிறேன். முதலில் சரக்குக்கும் வண்டிக்கும் வில்லை கட்டுங்கள். தேடலும் அலைச்சலும் பெரும்பாலும் அங்கேயே தீரும். மனிதருக்குக் கட்டுவதானால் விபத்தைத் தடுப்பதற்காக மட்டும் கட்டுங்கள். அந்த முறை முடிந்ததும் பதிவை அழியுங்கள். அதைக் காட்டி எவரையும் தண்டிக்க நினைத்தால், முழுப் பதிவையும் அவர் முன் வைத்து, நின்ற காரணத்தைக் கேட்ட பிறகு எழுதுங்கள். இதை ஒப்பந்தத்தில் வரிவரியாகப் போட வேண்டும். முகாமையாளரின் நல்ல மனத்தை நம்பி விடக் கூடாது.

கருத்தரங்கின் முடிவில் கேள்வி நேரம் வந்தது. பச்சைப் புள்ளியாக இருப்பவர் தன் பதிவைத் தானே பார்க்க முடியுமா என்று கேட்டேன். இளைஞர் சற்று யோசித்து, மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது, ஆனால் வாங்கியவர் எவரும் இதுவரை அதைத் திறந்துவிடச் சொல்லவில்லை என்றார். பிறகு எல்லோரையும் மதிய உணவுக்கு அழைத்தார்கள்.