"அப்ப அந்த நாலு வருஷம் பொய்யா, சார்?"

இரண்டு வாரத்துக்கு முன், ஞாயிற்றுக்கிழமை காலை நடையை முடித்துவிட்டு அண்ணனூர் ஸ்டேஷன் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நானும் பக்கத்துத் தெரு நண்பரும். முப்பது வருடப் பழக்கம். இருவரும் ஓய்வு பெற்றவர்கள், இருவருக்கும் சர்க்கரை. வீட்டுக்குத் தெரியாமல் ஞாயிறன்று மட்டும் சர்க்கரை போட்ட டீ குடிப்போம். (இதையெல்லாம் என் வீட்டம்மா படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

அன்று அவர் டீயைத் தொடவே இல்லை.

"சார், நீங்க ஒரு தடவை எங்க பொண்ணுகிட்ட பேசணும். நீங்க சொன்னா கேப்பா" என்றார்.

விஷயம் இதுதான். அவர் மகளுக்கு இருபத்தெட்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அதே டீமில் ஒரு பையன். நான்கு வருடமாக நண்பர்கள். வீட்டுக்கு வந்து போவான், பொங்கலுக்கு வருவான். போன வருடம் நண்பருக்கு நெஞ்சு வலி வந்து ஐ.சி.யூ.வில் இருந்தபோது, இரவெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தது அவன்தான். இப்போது இருவரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். பையன் வேறு சாதி.

"சாதி கூட அப்புறம் சார்" என்றார் நண்பர். "நாலு வருஷமா ஃப்ரெண்டு ஃப்ரெண்டுன்னு சொன்னா. நாங்களும் நம்பி சாப்பாடு போட்டோம். இப்ப கல்யாணம்ங்கறா. அப்ப அந்த நாலு வருஷம் பொய்யா, சார்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. யோசித்ததை இங்கே எழுதுகிறேன். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நம் தலைமுறைக்கு ஒரு பாடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஆணும் பெண்ணும் நண்பர்களாக இருக்கலாம், ஆனால் அந்த நட்பு சுத்தமானது என்றால் அது காதலாக மாறக்கூடாது. மாறிவிட்டால் முதலிலிருந்தே அது நட்பில்லை, நாடகம். 1990-ல் விக்ரமன் எடுத்த 'புது வசந்தம்' நினைவிருக்கும். நான்கு இளைஞர்கள் தங்கியிருக்கும் இடத்தில் சித்தாரா வந்து சேர்வார். கடைசியில் அவரைச் சந்தேகப்படும் காதலனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நண்பர்கள் பக்கம் நிற்பார். தியேட்டரில் கைதட்டினோம். நானும் தட்டினேன். நல்ல படம்தான். ஆனால் அந்தக் கைதட்டலுக்குள் ஒரு நிபந்தனையும் இருந்தது: நால்வரில் ஒருவர் அந்தப் பெண்ணைக் காதலித்திருந்தால் நாம் தட்டியிருக்க மாட்டோம்.

முப்பது வருடம் கழித்து, 2020 காதலர் தினத்தன்று 'ஓ மை கடவுளே' என்று ஒரு படம் வந்தது. அஷ்வத் மாரிமுத்து இயக்கியது. சிறு வயது முதல் நண்பர்களான அசோக் செல்வனும் ரித்திகா சிங்கும் கல்யாணம் செய்துகொள்வார்கள். மாமனார் கம்பெனியிலேயே மாப்பிள்ளைக்கு வேலை. தோழியை மனைவியாகப் பார்க்கத் தெரியாமல் அவன் திணறி, விவகாரம் விவாகரத்து வரை போகும். அப்போது கடவுளாக வரும் விஜய் சேதுபதி ஒரு தங்க டிக்கெட் கொடுப்பார். பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு முறை வாழ்ந்து பார்க்கலாம். என் மகள் வற்புறுத்தி உட்காரவைத்துப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன். அந்த டிக்கெட் வந்தபோது மட்டும் சிரிக்க முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

1984 என்று நினைவு. நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். சென்ட்ரலில் இறங்கி நடக்கும் தூரம். இந்தப் பாதையில் மின்சார ரயில் வந்து நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. எங்கள் கணக்குப் பிரிவில் ஓர் அம்மணி, வயது முப்பதுக்குள். அதே பிரிவில் ஒருவர், ஏறக்குறைய அதே வயது. இவர் அம்பத்தூரில் ஏறுவார், அவர் வில்லிவாக்கத்தில் லேடீஸ் பெட்டியில் ஏறுவார். சென்ட்ரலில் ஒருவருக்காக ஒருவர் நின்று, பேசிக்கொண்டே அலுவலகம் வரை நடப்பார்கள். மதியம் டிபன் பாக்ஸை மாற்றிக்கொள்வார்கள். அவ்வளவுதான். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போது அவர்கள் இருவர் வேலையில் மட்டும் தப்பு இருக்காது. ஒருவர் போட்டதை மற்றவர் சரி பார்த்திருப்பார்.

அந்த அம்மணி எனக்கும் குரு மாதிரி. ஒரு முறை என் லெட்ஜரில் ஒரு ரூபாய் நாற்பது பைசா உதைத்தது. இரவு ஏழரை வரை என்னோடு உட்கார்ந்து கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். வீட்டில் வயதான தாயார் காத்திருக்கிறார் என்பது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

ஒரு நாள் மேலதிகாரி ஒருவர் என்னைக் கூப்பிட்டு வேறு ஏதோ பேசிவிட்டு, நடுவில் "என்னப்பா, அந்த ரெண்டு பேரும்…?" என்று இழுத்தார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "எனக்குத் தெரியாது சார்" என்பதுதான் உண்மை. எனக்கு நிஜமாகவே தெரியாது. ஆனால் நான் லேசாகச் சிரித்துவிட்டு, "எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயந்தானே சார்" என்றேன்.

ஒரே மாதத்தில் அந்த அம்மணிக்கு வெளியூர் மாற்றல் வந்தது. அவருக்கு மட்டும். இத்தனைக்கும் அவர் மீது எந்தப் புகாரும் கிடையாது. கடைசி நாள் அவர் ஃபைல்களை என்னிடம்தான் ஒப்படைத்தார். எந்தப் பார்ட்டி எப்போது பணம் கட்டுவார், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். நான் சொன்ன வார்த்தை அவர் காதுக்குப் போயிருந்ததா என்று இன்றுவரை தெரியாது. பிறகு அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன். நம்மவருக்கு வீட்டில் பார்த்து முடித்தார்கள். கல்யாணத்துக்கு நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அவர்கள் காதலித்தார்களா? தெரியாது. என்னை உறுத்துவதும் அதுதான். அவர்களுக்கே தெரிவதற்கு முன் நாங்கள் தீர்ப்பு எழுதிவிட்டோம். அது நட்பாகவே கடைசிவரை இருந்திருக்கலாம், வேறு ஏதாவது ஆகியிருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு நாங்கள் அவகாசமே தரவில்லை. எனக்குத் தங்க டிக்கெட் கொடுக்க எந்தக் கடவுளும் வரவில்லை.

அதனால் நண்பரின் கேள்விக்கு என் பதில் இது. அந்த நான்கு வருடம் பொய் இல்லை. ஒன்று நன்றாக இருந்து இன்னொன்றாக வளர்ந்தால் முதலில் இருந்தது பொய்யாகிவிடாது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாமெல்லாம் எப்படிக் கல்யாணம் செய்துகொண்டோம்? பெண் பார்க்கப் போய் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். சொஜ்ஜி, பஜ்ஜி. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம். பிறகு முகூர்த்தம். நம்மில் பலருக்கு அது நன்றாகவே அமைந்தது, இல்லை என்று சொல்லவில்லை. எனக்கும் அமைந்தது. ஆனால் அதில் நம் சாமர்த்தியம் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு?

அலுவலகம் காட்டுவதை ஜாதகம் காட்டாது. தன் தப்புக்கு இன்னொருவர் திட்டு வாங்கும்போது வாயைத் திறக்கிறானா, தனக்கு வராத பிரமோஷன் பக்கத்து சீட்டுக்கு வந்தால் முகம் எப்படிப் போகிறது, டீ கொண்டு வரும் பையனிடம் எப்படிப் பேசுகிறான், கடன் வாங்கினால் சொன்ன தேதியில் தருகிறானா — இதெல்லாம் தினம் எட்டு மணி நேரம் கூட இருப்பவருக்குத்தான் தெரியும். திருக்குறளில் நட்பு என்ற அதிகாரத்துக்கு அடுத்ததே நட்பாராய்தல். ஆராய்ந்து சேர் என்கிறார் வள்ளுவர். நான்கு வருடம் ஆராய்ந்தவர்களை, ஏன் ஆராய்ந்தீர்கள் என்று கேட்பது என்ன நியாயம்?

இதைப் படித்துவிட்டு, ஆபீஸ் காதல் எல்லாவற்றுக்கும் நான் மாலை எடுத்துக்கொண்டு நிற்பதாக நினைக்க வேண்டாம். நட்பு என்பது காதலுக்குக் கட்டிய முன்பணம் அல்ல. "இவ்வளவு நாள் பழகினோமே" என்று சொல்லி ஒரு பெண்ணிடம் சம்மதம் கேட்டு நச்சரிப்பது நட்பும் இல்லை, காதலும் இல்லை. அவள் மாட்டேன் என்றால், மறுநாள் அதே சீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து வேலை பார்க்க முடிய வேண்டும். அதற்குத்தான் 2013-ல் சட்டமே வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார் கேட்க உள்குழு இருக்க வேண்டும் என்கிறது அது. 1984-ல் அப்படி ஒன்று இல்லை. அப்போது இருந்த ஒரே நடவடிக்கை, பெண்ணை மாற்றிவிடுவது.

ஆக, பெரியவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரியா? அப்படியானால் அந்தச் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது? இரண்டு சம்பளமும் ஒரே கம்பெனியிலிருந்து வருகிறதே, ஆள் குறைப்பு வந்தால் என்ன ஏற்பாடு? ஒருவராவது வேறு இடம் பார்க்கலாமா? இவை தகப்பன் கேட்க வேண்டிய கேள்விகள். "அப்ப பொய்யா?" என்பது இந்தக் கணக்கில் வராது.

இனி சாதி. "சாதி கூட அப்புறம்" என்று நண்பர் சொன்னார். அவர் மனதில் அது அப்புறம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955-ல் பெரம்பூரில் ஐ.சி.எஃப்., 1961-ல் ஆவடியில் டாங்க் ஃபேக்டரி, 1964-ல் அம்பத்தூர் எஸ்டேட். இங்கே நம்மூரில் ரயில்வே கார் ஷெட். இந்த இடங்களில் வேலைக்கு வந்தவர்கள் வாங்கிப் போட்ட மனைகள்தானே இன்று நம் தெருக்கள்? என் இடப்பக்க வீட்டுக்காரர் திருநெல்வேலி, வலப்பக்கம் வேலூர், எதிர் வீடு பாலக்காடு. யார் என்ன சாதி என்று பார்த்தா மனை வாங்கினோம்? கூட வேலை பார்ப்பவர் "பக்கத்து மனை காலியா இருக்கு, வாங்கிப் போடுங்க" என்றார், வாங்கினோம். சக ஊழியரை நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்கள் நாம். நம் பிள்ளைகள் சக ஊழியரை நம்பி வாழ்க்கையைப் போட்டால் மட்டும் பதறுகிறோம்.

சட்டம் எப்போதோ வழிவிட்டாயிற்று. புரோகிதர் இல்லாமல், உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலோ மோதிரம் மாற்றிக்கொண்டாலோ தாலி கட்டினாலோ இந்துக்களின் திருமணம் செல்லும் என்று 1967-ல், அண்ணா முதல்வராக இருந்தபோது, இங்கே திருத்தம் நிறைவேறியது. மதம் வேறாக இருந்தாலும் 1954-ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்துப் பதிந்துகொள்ளலாம். தகுதியுள்ள கலப்புத் திருமணங்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசே நிதியும் தாலிக்குத் தங்கமும் தருகிறது.

அப்படி இருந்தும் 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே, பட்டப்பகலில், சங்கர் என்ற இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். கூடப் படித்த பெண்ணைக் காதலித்து மணந்ததுதான் அவர் செய்தது. நம் நண்பர் எறும்பைக் கூட மிதிக்காதவர். ஆனால் அரிவாளுக்குப் பின்னால் எப்போதும் "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்ற பேச்சு இருக்கிறது. அந்த நாலு பேரில் ஒருவனாக நான் ஒரு தடவை இருந்துவிட்டேன். போதும்.

நண்பர் கேட்டுக்கொண்டபடி பெண்ணிடம் பேசினேன். அவளாகவே எங்கள் வீட்டுக்கு வந்தாள். எப்போது மாறியது என்று கேட்டேன்.

"சரியா சொல்லத் தெரியல, அங்கிள். அப்பாவை ஐ.சி.யூ.ல சேர்த்த அன்னைக்கு, அம்மாவுக்கு அடுத்து நான் போன் பண்ணது அவனுக்குத்தான். சொந்தக்காரங்களுக்குக் கூட அப்புறம்தான் சொன்னேன். ஏன் அப்படிப் பண்ணேன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் யோசிச்சேன். புரிஞ்சதும் மொதல்ல அவன்கிட்ட சொன்னேன், அடுத்த வாரமே அப்பாகிட்ட சொல்லிட்டேன். நான் எதையும் மறைக்கல, அங்கிள்."

இதற்கு மேல் அவளுக்கு நான் என்ன புத்தி சொல்வது? "மோர் குடிக்கிறியாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

போன ஞாயிறு இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். 1984 கதையையும் சொன்னேன். இத்தனை வருடத்தில் அவரிடம் சொன்னதில்லை. வெகு நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த மாதம் பையனின் அப்பா அம்மாவை வரச் சொல்லியிருக்கிறாராம். இதை எழுதப் போகிறேன் என்றதும், "எழுதுங்க சார். ஆனா நான் இன்னும் சம்மதம் சொல்லலைன்னும் சேர்த்து எழுதுங்க" என்றார்.

எழுதிவிட்டேன்.