தானியங்கி உளியும் தச்சர் நலமும்

மரவேலைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நம் வாசகர்களிற் சிலர் வினவக்கூடும். தறியும் கலப்பையுமே நம் இதழுக்கு இரு கண்கள் என்பது உண்மையே. ஆயினும், வரப்பில் தேக்கு வளர்ப்பவர் உழவர். தறி நின்றுபோன வீட்டிலிருந்து தச்சுப் பட்டறைக்கு வேலை தேடிச் செல்பவர் நெசவாளியின் மகன். இவ்விருவரையும் இன்று ஒரே யந்திரம் எதிர்கொண்டு நிற்கின்றது. சி.என்.சி. ரூட்டர் என்பது அதன் பெயர். கதவும் கட்டிலும் நாற்காலியும் செய்வதற்கு இதனைக் கூட்டாக வாங்கினால் என்ன என்ற பேச்சு எழும்போது, அதனை வாங்கலாம் என்றே நாம் சொல்வோம். ஆனால், ஆபத்தின்றி ஆளும் முறையையும் உடன் வாங்காமல் யந்திரத்தை மட்டும் வாங்குவது பெருந்தவறு என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

இவ்யந்திரத்தின் இயல்பு நெசவாளருக்கு எளிதில் விளங்கும். 1804-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஜக்கார்டு தம் தறிக்குக் காப்புரிமை பெற்றார். அட்டையில் துளையிருந்தால் ஊசி நுழையும், இல்லையேல் நுழையாது, அதற்கேற்பப் பாவிழை எழும். கரையும் முந்தானையும் அட்டையின் ஆணைப்படியே நெய்யப்படுகின்றன. 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவரின் எண்ணத்தை அடியொற்றி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் எண்களின் ஆணைப்படி உலோகத்தைச் செதுக்கும் யந்திரத்தை இயக்கிக் காட்டினர். அதற்கும் ஆணை துளையிட்ட நாடாவிலேயே சென்றது. நாடாவின் இடத்தைப் பின்னர்க் கணினி பெற்றது. இன்று கணினியில் வரைந்த உருவம் ‘ஜி-கோடு’ என்னும் ஆணைத்தொடராக மாறி, நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்று வழியிலும் வெட்டும் பிட்டை நடத்துகின்றது. அட்டையில் ஒரு துளை தவறினால் புடவையில் ஒரு பூ கெடும். இங்கோ, ஆணையில் ஓர் எண் தவறினால் நிமிடத்திற்குப் பதினெண்ணாயிரம் சுற்றுச் சுழலும் எஃகு தவறான இடத்திற்குப் பாயும். வேறுபாடு அவ்வளவே, ஆனால் அது சிறிய வேறுபாடன்று.

‘யந்திரம் தானே வெட்டுகின்றது; மனிதன் கை அருகிற் செல்வதேயில்லை; ஆதலின் ஆபத்தில்லை’ என்பார் பலர். இம்மயக்கத்தையே முதலில் நீக்க வேண்டும். சென்ற ஆண்டு நாம் ஒரு பட்டறைக்குச் சென்றிருந்தோம். ஊர்ப்பெயர் வேண்டா. தேக்குப் பலகையில் கதவுக்குரிய பூவேலை நடந்துகொண்டிருந்தது. யந்திரத்தை இயக்கிய இளைஞர் பொத்தானை அழுத்திவிட்டுப் பின்கட்டுக்குச் சென்றுவிட்டார். சிறிது நேரத்தில் பலகையைப் பிணைத்திருந்த பிடிகளில் ஒன்று தளர்ந்தது. ஓசை மாறியது. அதனைக் கேட்டுணரத்தக்கவர் அருகில் எவருமில்லை. பலகை ஒருபுறம் திரும்பியது, பிட் முறிந்தது, முறிந்த துண்டு எதிர்ச் சுவரின் சுண்ணாம்பிற் பதிந்தது. நாம் நின்ற இடத்திற்கும் அதற்கும் இரண்டு முழந்தான் இருக்கும்.

முதலாளி கடிந்துகொண்டார். இளைஞர் தலைகுனிந்து, ‘ஐயா, எனக்குக் கதவுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. இது ஓடுகிற நேரத்தில் அடுத்த கதவைத் தேய்த்தால்தான் கட்டுப்படியாகும்’ என்றார். அவ்விடையை நாம் இன்றளவும் மறக்கவில்லை. குற்றம் அவருடையதன்று, நின்று காவல் புரியும் நேரத்தை வேலையாக எண்ணாத கூலிமுறையின் குற்றம் அது. யந்திரம் ஓடும்வரை அருகிலிருந்து கண்ணாலும் காதாலும் காப்பதும் வேலையே. அதற்குக் கூலி கொடாத பட்டறையில் எத்தனை எச்சரிக்கைப் பலகைகள் தொங்கினும் பயனில்லை.

இனி, வேலையின் நுட்பங்களிற் சிலவற்றைக் கூறுவோம். முதலாவது, பிணைப்பு. மெல்லிய மரத்தைக் காட்டிலும் தேக்கு, வேங்கை போன்ற வன்மரங்கள் பிட்டை வலிந்து எதிர்க்கும். ஆதலின் பலகையை மேசையோடு இறுகப் பிணைத்தல் வேண்டும். பிட் செல்லும் வழியில் இரும்புப் பிடியோ திருகாணியோ இருத்தல் ஆகாது. சிறு உருவங்களை முற்றும் அறுத்தெடுக்குமாறு ஆணையிட்டால், அறுபட்ட கணத்தில் அவை எறிகல்லாகும். ஆங்காங்கே சிறு இணைப்புகளை விட்டுவைத்துப் பின்னர்க் கையால் அறுப்பதே முறை. பிட்டைக் கவ்வும் ‘காலெட்’ அதன் தண்டுக்குரிய அளவினதாகவே இருத்தல் வேண்டும். சந்தையில் 6 மில்லிமீட்டர்த் தண்டும், கால் அங்குலமாகிய 6.35 மில்லிமீட்டர்த் தண்டும் விற்கின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஒன்றின் கவ்வியில் மற்றொன்றைப் பூட்டுதல் விபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

இரண்டாவது, வேகம். ‘மெதுவாக நடத்தினால் ஆபத்தில்லை’ என்பது மாட்டுவண்டிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. கணக்கைப் பார்ப்போம். இருவாய் பிட் ஒன்று நிமிடத்திற்கு 18,000 சுற்றுச் சுழன்றால், 36,000 முறை மரத்தைக் கடிக்கும். அது நிமிடத்திற்கு 5,400 மில்லிமீட்டர் முன்னேறினால், ஒவ்வொரு கடியிலும் 0.15 மில்லிமீட்டர்ச் சீவல் வரும். அச்சத்தால் முன்னேற்றத்தை 1,800 ஆகக் குறைத்து, சுழற்சியைக் குறைக்காமல் விட்டால், கடி 0.05 மில்லிமீட்டராகச் சுருங்கும். அப்போது பிட் வெட்டாது; உராயும். சீவலோடு வெளியேற வேண்டிய வெப்பம் பிட்டிலேயே தங்கும். மரம் கருகும், நெருப்புப் பொறி தூசிப்பைக்குள் உறிஞ்சப்படும், அங்கே புகையாமற் கனன்று, பட்டறையைப் பூட்டிச் சென்றபின் தீயாக மூளவுங்கூடும். ஆகையால் முன்னேற்றத்தைக் குறைத்தால் சுழற்சியையும் உடன் குறைத்தல் வேண்டும். வன்மரத்தில் ஒரே முறையில் ஆழமாக இறங்காமல், பிட்டின் விட்டத்திற் பாதியளவு ஆழமாகப் பல முறை இறங்குவது நன்று. பிட் செய்தவர் தரும் அட்டவணையை முதலாகக் கொண்டு, கழிவுத் துண்டிற் சோதித்த பின்னரே நல்ல பலகையைத் தொடல் வேண்டும். அகன்ற பிட்டுகளுக்கோ சுழற்சியே பகை. 50 மில்லிமீட்டர் அகலமுள்ளதொன்று 18,000 சுற்றுச் சுழன்றால், அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதற்கென விதித்த உச்ச வேகத்தை மீறுதல் ஒருபோதும் ஆகாது.

மூன்றாவது, உழவரின் பொறுப்பு. வரப்பு மரத்தில் வேலிக்கம்பி கட்டுகின்றோம். விளம்பரத் தகடு அறைகின்றோம். ஆடு கட்ட ஆணி அடிக்கின்றோம். பத்தாண்டு கடந்தபின் மரம் அவ்விரும்பை விழுங்கிவிடும். மரத்தை விற்றவர் மறந்துவிடுவார், வாங்கியவர் அறியார். கடினமான கார்பைடு பிட் வன்மையுடையது எனினும் நொறுங்கும் தன்மையது. ஆணியில் மோதினால் துண்டாகித் தெறிக்கும். ஒரு மரத்தை விற்கும்போது, ‘இவ்விடத்தில் ஆணி உண்டு’ என்று சொல்லிச் சுண்ணாம்பால் ஒரு குறியிடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அக்குறி முன்பின் அறியாத ஒருவரின் கண்ணைக் காக்கும். பட்டறையாரும் உலோகங்காட்டும் கருவியால் பலகையைச் சோதித்தல் நலம். பச்சை மரத்தை விரைந்து விற்பதும் தீங்கே. உலராத பலகை வெட்டும்போதே முறுக்கிக்கொள்ளும். பிட்டை இறுகப் பற்றும். ஈரப்பதம் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவிற்கு இறங்கும்வரை அட்டியிட்டு நிழலில் உலர்த்துவதே மரத்துக்கும் மனிதர்க்கும் நலம்.

இவை யாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. அது வெட்டுவதில்லை; குத்துவதில்லை; கண்ணுக்கும் சரிவரத் தெரிவதில்லை. வன்மரத் தூசியையே சொல்கின்றோம். இங்கிலாந்தில் பக்கிங்காம்ஷயர் மாவட்டத்தில் ஹை விக்கம் என்றோர் ஊர் உண்டு. தலைமுறை தலைமுறையாக நாற்காலி செய்து பெயர்பெற்ற ஊர் அது. அவ்வூர் மருத்துவமனையில் மூக்கினுள் தோன்றும் அரிய புற்றுநோயோடு வந்தவர்களிற் பலர் மரச்சாமான் தொழிலாளராக இருந்ததை எஸ்மி ஹாட்பீல்டு என்னும் மருத்துவ அம்மையார் கவனித்தார். அவரும் அச்சிசன் முதலிய மருத்துவர்களும் சேர்ந்து ஆராய்ந்த முடிவு 1968-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. மரத்தூசி புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1995-ஆம் ஆண்டில் உறுதியாக அறிவித்தது. வேலையிற் சேர்ந்து பல பத்தாண்டுகள் கடந்த பின்னரே அந்நோய் தலைகாட்டும் என்பதே இதிலுள்ள கொடுமை. இருபது வயதில் உட்கொண்ட தூசிக்கு அறுபது வயதில் விலை கொடுக்க நேரலாம். அப்போது பட்டறையும் இராது, முதலாளியும் இரார்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வேலையிடத்துக் காற்றில் வன்மரத் தூசி கனமீட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்ற வரம்பு 2023 முதல் நடைமுறையில் உள்ளது. பஞ்சாலைத் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பதை நம் நெசவு நூற்பு மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. நுண்தூசி அதனூடே எளிதில் நுழையும். பிட்டைச் சுற்றிலும் தூரிகை வேலியிட்டு, தூசி பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சும் கருவி வேண்டும். பைகளை நாள்தோறும் மாற்றி, கட்டடத்திற்கு வெளியே கொட்டல் வேண்டும். துடைப்பத்தாற் பெருக்குவதும் காற்றுக்குழாயால் ஊதுவதும் படிந்த தூசியை மீண்டும் எழுப்புவதேயாம். உறிஞ்சி அமைத்த பின்னரும், என்-95 போன்ற தரமான முகக்கவசம் அணிதல் வேண்டும்.

உடையைப் பற்றியும் ஒரு சொல். தொங்கும் துண்டு, வேட்டித் தலைப்பு, புடவை முந்தானை, கட்டாத கூந்தல் ஆகியவை சுழலும் தண்டின் அருகில் வருதலாகாது. கையுறை காக்கும் என்று எண்ணுதலும் பிழை. சுழலும் பிட்டில் அதன் நுனி சிக்கினால் கையையும் உடன் இழுக்கும். கண்ணாடியும் செவிக்காப்பும் இன்றியமையாதவை. பிட் மாற்றும்போது திரையில் ‘நின்றது’ என்று காட்டினாற் போதாது. மின்னிணைப்பையே துண்டித்தல் வேண்டும். சிவப்பு நிற அவசரப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். அதனை அழுத்திய பின்னரும் தண்டு சில நொடிகள் சுழலக்கூடும் என்பதை மறவற்க. புதிய வேலையைத் தொடங்குமுன், பிட்டைப் பலகைக்கு மேலே உயர்த்தி, வெறுங்காற்றில் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தல் நன்று. அங்குலத்தை மில்லிமீட்டர் என்று கருதிய பிழைகள் அப்போதே வெளிப்படும்.

‘இத்தனையும் செய்யப் பணத்திற்கு எங்கே போவது?’ என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வியே. தனித் தச்சர் ஒருவரால் யந்திரமும் வாங்கி, தூசி உறிஞ்சியும் வாங்கி, இரண்டு பேருக்குப் பயிற்சியும் அளிப்பது அரிது. அவர் முதலிற் கைவிடுவது உறிஞ்சியையே. கூட்டுறவு தோன்றியதே இத்தகைய இடருக்காகத்தானே? ஒருவரால் ஆகாததைப் பலர் சேர்ந்து செய்வதற்குத்தானே சங்கம்? தனி முதலாளி செய்யும் சிக்கனத்தையே சங்கமும் செய்யுமாயின், அதன் பெயர்ப்பலகையில் ‘கூட்டுறவு’ என்னும் சொல் எதற்கு?

ஆதலின் நாம் முன்வைக்கும் யோசனைகள் இவை. யந்திரத்திற்கு விலைப்புள்ளி கேட்கும்போதே தூசி உறிஞ்சிக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒன்று இன்றி மற்றொன்றை வாங்குவதில்லை என்று பொதுக்குழுவிற் தீர்மானம் வேண்டும். இருவருக்கேனும் முழுப் பயிற்சி அளிக்காமல் யந்திரத்தை ஓட்டலாகாது. இயக்குபவருக்குக் கதவுக் கணக்கிலன்றி நாட்கணக்கிற் கூலி வழங்க வேண்டும். பிணைப்பு, காலெட், பிட்டின் கூர், தூசிப்பை ஆகியவற்றைக் காலையிற் பார்த்துக் கையொப்பமிட ஒரு பதிவேடு வேண்டும். ஆண்டுக்கொரு முறை மூச்சையும் செவியையும் மூக்கையும் மருத்துவர் சோதித்தல் வேண்டும், அச்செலவு சங்கத்தினுடையது.

கைவினைக்கு இவ்யந்திரம் பகை என்று நாம் கருதவில்லை. மரத்தின் நாரோட்டம் அறிந்த தச்சரே ஆணைத்தொடரையும் நன்கு அமைப்பார். ஓசையைக் கேட்டே பிட் மழுங்கியதை உணர்பவரும் அவரே. அத்தகையவரைப் பத்தாண்டில் உருவாக்கி, முப்பதாண்டில் தூசிக்கு இரையாக்குதல் எவ்வகைப் பொருளாதாரம்? இழை அறுந்தால் நெசவாளர் முடிச்சிடுவார். விரலுக்கும் மூச்சுக்கும் அம்முடிச்சு இல்லை. வரவிருக்கும் பொதுக்குழுவில் யந்திரம் பற்றிய பேச்சு எழுமாயின், விலையைக் கேட்குமுன் உறிஞ்சி எங்கே என்று ஓர் அங்கத்தினரேனும் எழுந்து கேட்பாராக. அக்கேள்வி பதிவேட்டில் ஏறினாலே இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.