இரவு இரண்டு மணிக்கு யார் பார்க்கிறார்கள்?

பல நாள் நீளும் சாகசப் போட்டிகளில் செய்மதி ட்ராக்கர் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் அது அனுப்பும் புள்ளி யாருடைய திரையில் தெரிகிறது, அந்தத் திரைக்கு முன்னால் நடுச்சாமத்திலும் ஒருவர் விழித்திருக்கிறாரா என்று கேட்காமல் ஒருவரும் பெயர் கொடுக்கக் கூடாது.

நான் கப்பல்களில் வானொலி அதிகாரியாக வேலை செய்தவன். அந்தக் காலத்தில் எங்கள் அறைக் கடிகாரத்தில் 15 முதல் 18, 45 முதல் 48 நிமிடம் வரையிலான இடம் சிவப்பாக இருக்கும். அந்த மூன்று மூன்று நிமிடங்களும் 500 கிலோஹேர்ட்ஸில் எந்தக் கப்பலும் பேசாது. யாராவது ஆபத்தில் கூப்பிடுகிறார்களா என்று எல்லாரும் காது கொடுத்துக்கொண்டிருப்போம். கருவி எல்லாக் கப்பலிலும் இருந்தது. காப்பாற்றியது, கேட்பதைக் கடமையாக்கிய அந்த ஒழுங்கு.

வெள்ளவத்தையில் இருக்கும் என் மருமகன் இப்போது வெளிநாட்டுப் போட்டியொன்றுக்கு ஆயத்தமாகிறான். “மாமா, ட்ராக்கர் தருகினம். நான் எங்க நிக்கிறன் எண்டு நீங்க கொட்டாஞ்சேனையில இருந்தே பாக்கலாம்” என்றான். பார்க்கலாம்தான். புள்ளி இரண்டு மணித்தியாலமாக நகராவிட்டால், அவன் நித்திரையா, கால் முறிந்து கிடக்கிறானா, பற்றரி முடிந்துவிட்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

2018 கோல்டன் குளோப் பாய்மரப் போட்டியில் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி தனியாக உலகைச் சுற்றக் கிளம்பினார். வழி காண ஜி.பி.எஸ். கூடாது, செக்ஸ்டன்ட்தான். ஆனாலும் படகின் இடத்தை ஏற்பாட்டாளர்களுக்கு அறிவிக்கும் செய்மதிக் கருவி ஒவ்வொரு படகிலும் இருந்தது. செப்டெம்பர் 21 அன்று, பேர்த் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 3,500 கி.மீ. தொலைவில், புயலில் பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பு உடைந்து எழும்ப முடியாமல் கிடந்தபடியே செய்தி அனுப்பினார். செய்தி போன பக்கத்தில் ஆள் இருந்தார். அவுஸ்திரேலிய மீட்பு மையம் இயங்கியது, இந்தியக் கடற்படை விமானம் படகைக் கண்டது, 24ஆம் திகதி பிரான்சின் ஒசிரிஸ் கப்பல் அவரை ஏற்றிக்கொண்டது. அதே போட்டி அடுத்த முறை நடந்தபோது, 2023இல் அவர் அதை இரண்டாவதாக முடித்தார்.

ஆனால் 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்தது வேறு. அது 100 கி.மீ. மலையோட்டம். ஓட்டக்காரர்களிடம் ட்ராக்கர் இருந்தது. திடீரென்று ஆலங்கட்டியும் கடுங்காற்றும் வந்தன, 172 பேரில் 21 பேர் இறந்தார்கள். தப்பிய ஒருவர் எஸ்.ஓ.எஸ். பொத்தானை அழுத்திவிட்டு மயங்கிவிட்டார். அவரைக் குகைக்குள் தூக்கிச் சென்றவர் ஓர் ஆட்டிடையர். அந்த மனிதர் ஆறு உயிர்களைக் காத்தார். அந்தப் பொத்தானை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. அழுத்திய பொத்தானுக்கும் புறப்படும் ஆளுக்கும் இடையில் உள்ள வழியை அல்லவா முதலில் போட்டிருக்க வேண்டும்!

எங்கள் கதிர்காமப் பாதயாத்திரை போட்டியல்ல. ஆனாலும் உகந்தையிலிருந்து குமண, யால காடுகளுக்குள் பல நாள் நடை. யானையும் கரடியும் உலவும் வழி. தொலைபேசி எடுக்காத இடங்கள் நிறைய. கொழும்பிலிருந்து பிள்ளைகளும் வயதானவர்களும் போகிறார்கள். குழுவுக்கு ஒரு செய்மதிக் கருவியும், உகந்தையிலும் கதிர்காமத்திலும் முறை மாற்றி விழித்திருக்க ஆட்களும் வேண்டாமா?

போட்டி நடத்துபவர்களே, யாத்திரைக் குழுத் தலைவர்களே: இரவு முறையில் இருப்பவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் விண்ணப்பத்திலேயே அச்சிடுங்கள். பெற்றோரே, அது இல்லாத விண்ணப்பத்தில் கையொப்பம் வைக்காதீர்கள்.